பரணில் கிடைத்த கழனிப் படங்கள்: ஸ்கேனருக்கு முன்னால் செய்ய வேண்டியது

ஆரணிக்குப் பக்கத்தில் தாத்தா வீட்டைப் பிரிக்கும்போது பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது என்றும், அதில் 9 கண்ணாடித் தகடுகள், ஏறக்குறைய 200 ஃபிலிம் நெகடிவ்கள், பசை ஆல்பம் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்ட சில படங்கள் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். கவலை (மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கருவி) ஓட்டுவது, நடவு, களத்தில் தாம்பு ஓட்டுவது (மாடுகளை மிதிக்கவிட்டுப் போரடிப்பது), ஏரி மதகு என்று பெரும்பாலும் விவசாயப் படங்கள். எந்த ஸ்கேனர் வாங்கலாம், எந்த வருஷத்துப் படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கடைசியில் யாரிடம் கொடுக்கலாம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: உங்கள் குடும்பத்தை அறியாத ஒருவர் 50 வருஷம் கழித்து இந்தப் படங்களைப் பார்த்தால், வட ஆற்காட்டு விவசாயத்தைப் பற்றி அவருக்கு இவை ஏதாவது சொல்லுமா? சொல்ல வேண்டுமென்றால் ஸ்கேனர் மூன்றாவது வேலை. பெட்டிக்குள் இருக்கும் வரிசையைக் குலைக்காமல் பதிவது முதல் வேலை. படத்தில் இருப்பதைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்பது இரண்டாவது. ஃபிலிம் இன்னும் பத்து வருஷம் தாங்கலாம். அந்தப் பெரியவர்கள் தாங்குவார்கள் என்று சொல்ல முடியாது.

வரிசை ஏன் முக்கியம் என்றால், ஒரே உறையில் இருக்கும் நெகடிவ்கள் பெரும்பாலும் ஒரே ரோலில், ஒரே வாரத்தில் எடுத்தவையாக இருக்கும். அதில் ஒன்றில் சுவர் எழுத்தோ கல்யாணப் பந்தலோ தெரிந்து வருஷம் பிடிபட்டால், அந்த உறையில் உள்ள மற்றவற்றுக்கும் அதே வருஷம் கிடைத்துவிடும். கலைத்து மேஜையில் பரப்பிவிட்டால் அந்த இணைப்பு போய்விடும். அதனால் பெட்டியைத் திறந்தபடியே மேலிருந்து ஒரு படம், ஒவ்வொரு அடுக்கை எடுக்கும்போதும் ஒரு படம் என்று மொபைலில் எடுத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் எழுதியிருப்பது, ஸ்டுடியோ முத்திரை, கிழிந்த துண்டுச் சீட்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம். எண் கொடுப்பது எளிமையாக இருக்கட்டும்: பெட்டி 1, உறை 3, 7ஆவது நெகடிவ் என்றால் 1-03-07. இதே எண்தான் உறையிலும், நோட்டுப் புத்தகத்திலும், கணினிக் கோப்பிலும் வர வேண்டும். பிரிண்டின் பின்புறம் எழுத வேண்டியிருந்தால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் புடைத்துக்கொண்டு வரும். 1970களுக்குப் பிந்தைய பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறையில் எழுதுவதே சரி.

அடுத்து, எது அவசரம் என்று பிரிக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபிலிமின் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற சொல் அச்சாகியிருந்தால் அது அசிட்டேட் அல்லது பாலியெஸ்டர், தீ அபாயம் இல்லை. அந்தச் சொல் இல்லை, படமும் 1950க்கு முந்தையது போலத் தெரிகிறது என்றால் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே கையாளுங்கள். மஞ்சளாகி, பிசுபிசுத்து, காரமான நெடி வந்தால் சந்தேகம் உறுதிப்படும். ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். நைட்ரேட்டுக்கு எரிய வெளிக்காற்று தேவையில்லை, மூடி அணைக்க முடியாது. நன்றாகச் சிதைந்து சுருளாக இறுகிக் கிடக்கும் நைட்ரேட் 40 டிகிரியை ஒட்டியே தானாகப் பற்றக்கூடும். அந்த ஆபத்து சினிமாச் சுருள்களில்தான் அதிகம். ஆனால் வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திரத்தில் ஓட்டுக்கூரைக்கு அடியில் இருக்கும் பரண் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். அப்படிப்பட்டவற்றைத் தனிக் காகித உறையில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பங்கரைக்கும் சாமி விளக்குக்கும் எட்டாமல் வையுங்கள்.

அசிட்டேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் புளிக்கும். பெட்டியைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தால் அடிப்பட்டை சிதைந்து அமிலம் வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்த அமில ஆவியே சிதைவை மேலும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். வாடை வரும் உறைகளை உடனே தனியாகப் பிரித்து, ஸ்கேன் செய்யும் வரிசையில் முதலில் வையுங்கள். பட்டை சுருங்கி, மேலிருக்கும் ஜெலட்டின் அடுக்கு வரிவரியாகச் சுருக்கம் விழத் தொடங்கிவிட்டால், வீட்டில் செய்யக்கூடியது அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கண்ணாடித் தகடுகள் வேதியியல்படி உறுதியானவை. உடைவதும் பூஞ்சையும்தான் அவற்றின் எதிரிகள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் கீழே இருப்பது எடை தாங்காமல் விரியும். ஒவ்வொன்றையும் நான்கு மடிப்பு அமிலமற்ற காகித உறையில் சுற்றி, நீளப் பக்கம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி அடுக்கி, இடையில் அட்டை வையுங்கள். பளபளப்பான பக்கம் கண்ணாடி, மங்கலான பக்கம் படம். மங்கலான பக்கத்தைக் காற்று பீய்ச்சும் ரப்பர் குமிழாலும் மிக மென்மையான பிரஷ்ஷாலும் மட்டும் தொடலாம். தண்ணீர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் பூஞ்சையோடு படமும் துணியில் வந்துவிடும். இந்த ஒரு தவறால் அழிந்த படங்கள் ஏராளம். பூஞ்சையை பிரஷ் நுனியால் தொட்டால் ஈரமாக இழுபடுகிறதா, தூளாக உதிர்கிறதா என்று பாருங்கள். ஈரமாக இருந்தால் நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் சில நாள் உலரவிட்டு, தூளான பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து பிரஷ்ஷால் தட்டுங்கள்.

பசை ஆல்பத்தில் படத்தை உரிக்க முயலாதீர்கள். முதலில் பக்கத்தை முழுசாகப் படமெடுங்கள், ஏனென்றால் ஆல்பத்தில் யார் யாருக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டார்கள் என்பதும் செய்திதான். பிறகு, மெழுகு தடவாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு ரம்பம் போல மெதுவாக நகர்த்தினால் பல படங்கள் வந்துவிடும், வராததை விட்டுவிடுங்கள். சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் (மழைக்காலத்தில் சுவரில் மாட்டிய படங்களுக்கு இது சகஜம்) பிரிக்காமல், சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணாடிக்கு மேலேயே படமெடுங்கள். கண்ணாடி மேல் இட்ட சந்தனமும் குங்குமமும் உள்ளே கசிந்திருந்தால் அதையும் துடைக்க வேண்டாம்.

இப்போது ஸ்கேனர். ஃபிலிமுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் மூடியில் விளக்கு உள்ள ஃபிளாட்பெட் ஸ்கேனர் வேண்டும். சாதாரண ஆபீஸ் ஸ்கேனரில் பிரிண்ட் மட்டும்தான் எடுக்க முடியும். அளவுகள் இப்படி வைத்துக்கொள்ளலாம்: பிரிண்டுக்கு 600 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), தீப்பெட்டி அளவுச் சின்னப் பிரிண்டுக்கு 1200, ஹாஃப் பிளேட் கண்ணாடிக்கு 1200, 120 ரோல் நெகடிவ்வுக்கு 2400, 35 மிமீக்கு 3200. சாம்பல் நிறத்தில் 16 பிட், டிஃப் கோப்பு. நாலேமுக்காலுக்கு ஆறரை அங்குல ஹாஃப் பிளேட் ஒன்று இந்தக் கணக்கில் ஏறக்குறைய 90 எம்பி வரும், 6 x 6 செமீ நெகடிவ் ஒன்று 60 எம்பியை ஒட்டி வரும். உங்கள் 200 நெகடிவ்வும் 9 தகடும் சேர்ந்தாலும் 13 ஜிபிதான், ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். ஆகவே இடத்தை மிச்சம் பிடிக்க ஜேபெக்கில் சேமிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஸ்கேனரின் தானியங்கி கூர்மையாக்கல், தூசி நீக்கல் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அகச்சிவப்புக் கதிரால் தூசி நீக்கும் வசதி வெள்ளித் துகளால் ஆன கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வேலை செய்யாது. வெள்ளித் துகளையே தூசி என்று நினைத்து அழிக்கும். கண்ணாடித் தகட்டை ஸ்கேனர் கண்ணாடி மேல் நேராக வைத்தால் வானவில் வளையங்கள் விழும். நான்கு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் அட்டைத் துண்டு வைத்துத் தூக்கிக்கொண்டால் வளையமும் வராது, கீறலும் விழாது.

நல்ல கேமராவும் மேக்ரோ லென்ஸும் யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஸ்கேனர் வாங்கவே வேண்டாம். நிறத்தரம் (சிஆர்ஐ) 95க்கு மேல் உள்ள எல்இடி விளக்குப் பலகை, அதைச் சுற்றி மறைக்கக் கறுப்பு அட்டை, செங்குத்தாகக் கீழே பார்க்கும் ஸ்டாண்ட், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு விநாடி டைமர். ஒரு நாளில் 200 நெகடிவ்வை முடித்துவிடலாம், தரமும் பல ஃபிளாட்பெட்களை விட நன்றாகவே வரும். எடுத்ததும் இடவலம் மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். சட்டைப் பை இடது மார்பில் இருக்க வேண்டும், புடவை முந்தானை பெரும்பாலும் இடது தோளில் விழும்; எழுத்து ஏதும் இல்லாத படத்தில் இவைதான் கைகொடுக்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் படம் சுருங்கிவிடும். கலர் போட்டு, முகத்தைக் கூர்மையாக்கித் தரும் செயலிகளை இந்தப் படங்களிடம் விடாதீர்கள். அவை இல்லாததை வரைகின்றன. கவலையின் வடம் எத்தனை புரி, ஏர்க்கால் எப்படிப் பூட்டியிருக்கிறது என்பதுதான் இங்கே தகவல், அதையே அவை அழகுபடுத்தி மாற்றிவிடும்.

வருஷம் கண்டுபிடிப்பதில் ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறு குறையும். படத்தில் இருக்கும் புதிய பொருள் ‘இதற்கு முன் எடுத்திருக்க முடியாது’ என்று உறுதியாகச் சொல்லும். பழைய பொருள் ‘இதற்குப் பின் எடுத்திருக்க முடியாது’ என்று ஒருபோதும் சொல்லாது. கவலை இருக்கிறது, அதனால் மின்சாரம் வருவதற்கு முந்தைய படம் என்று முடிவு கட்டுவது தவறு. பம்ப்செட் வந்த பிறகும் பல கிணறுகளில் கவலை நின்றது, கரண்ட் இல்லாத நாளில் மாடு பூட்டினார்கள். ஆனால் படத்தின் மூலையில் மோட்டார் கொட்டகையும் கம்பியும் தெரிந்தால், ஊருக்குக் கரண்ட் வந்த வருஷத்துக்குப் பிந்தையது என்பதில் சந்தேகமே இல்லை.

அரசியல் சுவரெழுத்து மிகத் துல்லியமான சாட்சி. காங்கிரசுக்கு இரட்டைக் காளை 1969 பிளவு வரைக்கும், பசுவும் கன்றும் 1970களில், கை 1978க்குப் பிறகு. இரட்டை இலை தெரிந்தால் 1973க்கு முன் இருக்க முடியாது. பலகையில் ‘தமிழ்நாடு அரசு’ என்றிருந்தால் 1969 ஜனவரிக்குப் பிந்தையது. லை, ளை, னை எழுத்துக்கள் யானைத் துதிக்கை போலக் கொம்பு வைத்து எழுதப்பட்டிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழக்கம் என்று தெரியும். ஆனால் இது பலவீனமான சாட்சி, பலகை எழுதுபவர்கள் பழைய எழுத்தைச் சில வருஷம் விடவில்லை. வண்டியில் டிஎன் 23 அல்லது டிஎன் 25 என்ற எண் இருந்தால் 1989க்குப் பிந்தைய பதிவு.

விவசாயப் பொருள்களே சொல்லும் காலமும் உண்டு. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டியா, டயர் வண்டியா? சாக்கு சணலா, பிளாஸ்டிக் இழையா? கயிறு தென்னை நாரா, நைலானா? குடம் மண்ணா, பித்தளையா, பிளாஸ்டிக்கா? கதிர் வந்த நெல் அறுப்பவர் மார்பளவு நின்று சாய்ந்திருந்தால் நாட்டு ரகம். இடுப்புக்குக் கீழே விறைப்பாக நின்றால் 1966ல் வெளிவந்த ஐஆர் 8 போன்ற குட்டை ரகங்களின் காலம். கயிறு பிடித்து வரிசை நடவு நட்டிருந்தால் 1950களில் அரசு பரப்பிய ஜப்பானிய முறைக்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏரிக்குள் ஒரே உயரத்தில் கருவேல மரங்கள் வரிசையாக நின்றால் அது வனத்துறை நட்டது. கரையெல்லாம் வேலிகாத்தான் மண்டியிருந்தால் மிகப் பழைய படம் அல்ல. ஃபிலிமின் ஓரத்தையும் விட்டுவிடாதீர்கள். ‘ஓர்வோ’ என்ற பெயர் 1964க்குப் பிறகுதான் வந்தது. ‘இந்து’ என்றிருந்தால் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு, 1960களின் கடைசிக்குப் பிந்தையது. ரோலுக்கு 12 சதுரப் படம் என்ற வடிவம், 1960, 70களில் நம் ஊர்களில் கைக்குக் கை மாறிய ஆக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராவைச் சுட்டும்.

எந்தப் பருவம் என்று பிரிக்க நிழல் உதவும். உங்கள் ஊர் ஏறக்குறைய 12.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 23 வாக்கிலும் ஆகஸ்ட் 19 வாக்கிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். இந்த இரண்டு நாளுக்கும் நடுவே, அதாவது சித்திரை 10 முதல் ஆவணி பிறக்கும் வரை, நடுப்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். படத்தில் கோயிலோ வீட்டு வாசலோ தெரிந்து திசை பிடிபட்டால், சொர்ணவாரி, நவரை என்ற நெல் பட்டங்களில் எதன் அறுப்பு என்று நிழலை வைத்தே பிரிக்கலாம். ஆடியில் விதைத்த மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்குவது ஐப்பசி, கார்த்திகையில். இறவை மல்லாட்டைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பின்புறத்தில் வருஷம் எழுதியிருந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘பிலவ வருஷம்’ என்றிருந்தால் 1901-02, 1961-62 இரண்டும் பிலவ வருஷம்தான். பசலி (வருவாய்த் துறைக் கணக்கின் ஆண்டு) எண்ணாக இருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1370 என்பது 1960 ஜூலையில் தொடங்கி 1961 ஜூனில் முடிவது. நில எண் எழுதியிருந்தால் இன்னும் கவனம். 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் எனும் நிலப் பதிவேடு புதுப்பிக்கும் பணியில் பட்டா எண்களும் உட்பிரிவுகளும் மாறின. பழைய அடங்கல், ‘அ’ பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுத்தான் இன்றைய நிலத்தைச் சொல்ல முடியும்.

இடம் கண்டுபிடிக்க மலைகள் இருப்பது நம் பக்கத்துக்கு வரம். கிணறு தூர்ந்திருக்கும், கழனி மனைப்பிரிவாகியிருக்கும், ஜவ்வாது மலையின் விளிம்புக்கோடு மாறியிருக்காது. படத்தின் பின்னணியில் தெரியும் இரண்டு குன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் குன்றின் சரிவு பின்னால் இருப்பதை எங்கே வெட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே வரப்பில் நடந்தால், அந்த வெட்டு படத்தில் இருப்பது போலவே விழும் இடம் ஒரு கோடாகக் கிடைக்கும். இன்னொரு ஜோடிக் குன்றை வைத்து இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கேமரா நின்றிருக்கிறது, பத்துப் பதினைந்து அடி முன்பின் இருக்கலாம். அங்கே நின்று இன்றைய படத்தையும் எடுத்து, மொபைலின் இடக்குறிப்போடு சேர்த்து வையுங்கள். ஏரி மதகு, உபரி நீர் வழியும் கோடி, கல்தூண், பழைய அரசமரம் இவையும் உதவும், ஆனால் மதகுகளைத் திருப்பிக் கட்டியிருப்பார்கள்.

பெரியவர்களிடம் கேட்பது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். மொபைலில் காட்டினால் கண் தெரியாது, மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஏ4 அளவில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். ‘இது எந்த வருஷம் தாத்தா?’ என்ற கேள்விக்கு வரும் பதிலை நம்ப முடியாது. ‘இது ஊருக்குக் கரண்ட் வருவதற்கு முன்னாலா, பின்னாலா?’, ‘சாத்தனூர் அணை கட்டியாச்சா அப்போது?’, ‘இந்தக் கிணறு அப்போது எத்தனை கஜம்?’, ‘இந்த மாடு யார் வீட்டு மாடு?’ என்று கேளுங்கள். மாட்டை வைத்து வருஷம் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். கவலைப் படத்தைக் காட்டினால் கருவியை உறுப்பு உறுப்பாகக் கேளுங்கள்: சால் (தண்ணீர் மொள்ளும் பாத்திரம்) தோலா, தகரமா? தும்பிக்கு (சாலின் அடியில் தொங்கும் தோல் குழாய்) தோல் யார் தைத்துக் கொடுத்தார்கள், எத்தனை மாதம் உழைத்தது? மாடு சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்தாரா? ஒரு ஜோடி மாடு ஒரு பொழுதுக்கு எத்தனை சால் இறைத்தது, எவ்வளவு நிலம் நனைந்தது? ஏற்றப் படமானால் துலாவில் எத்தனை பேர் மிதித்தார்கள், எண்ணிக்கைக்கு என்ன பாட்டு? அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். மல்லாட்டை என்று சொன்னால் நிலக்கடலை என்று திருத்தாதீர்கள், கொல்லை என்று சொன்னால் புஞ்சை என்று மாற்றாதீர்கள். சொன்னவர் பெயர், வயது, கேட்ட தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னது, இருவர் தனித்தனியாகச் சொல்லி ஒத்துப்போனது, படத்திலேயே சான்று இருப்பது என்று மூன்று நிலைகளாகப் பிரித்து எழுதினால் பின்னால் வருபவர் எதை எவ்வளவு நம்பலாம் என்று புரிந்துகொள்வார்.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் படத்தின் வரலாற்றையே மாற்றிவிடும். நிலம் வைத்திருந்த வீட்டில் கேட்டால் களத்தில் நிற்கும் மணியக்காரர் பெயர், நாற்காலியில் இருப்பவர் பெயர் எல்லாம் வரும். குனிந்து நாற்று நடும் பத்துப் பெண்களும், ஏர் பிடித்தவரும் ‘நம்ம ஆளுங்க’ என்று போய்விடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே ஊரில் காலனியில் இருக்கிறார்கள். அதே பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். தன் பாட்டியின் படம் வேறெங்கும் இல்லாத வீடுகள் அங்கே இருக்கும், முதல் பிரதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு பெயர் கேளுங்கள். கூலி நெல்லா காசா, எந்த மரக்காலில் அளந்தார்கள், அது எத்தனை படி என்பதெல்லாம் அங்கேதான் சரியாகத் தெரியும். பழைய உறையில் சாதிப் பெயரை இழிவாக எழுதியிருந்தால், அந்த உறையை அப்படியே பாதுகாத்துவிட்டு, நீங்கள் எழுதும் விளக்கத்தில் மனிதர்களை அவர்களுடைய பெயரால் எழுதுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு படங்களைத் தேடும்போது மாவட்ட எல்லை குழப்பும். பழைய வட ஆற்காட்டில் சித்தூரும் சேர்ந்திருந்தது. 1911ல் சித்தூர் தனி மாவட்டமானது, அதே சமயத்தில் சேலத்திலிருந்து திருப்பத்தூர் வட ஆற்காட்டுக்கு வந்தது. ஆகவே 1911க்கு முந்தைய ‘வட ஆற்காடு’ படம் இன்றைய ஆந்திராவைச் சேர்ந்ததாக இருக்கலாம், திருப்பத்தூர்ப் படம் சேலம் என்ற தலைப்பில் கிடக்கலாம். 1989ல் ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு எல்லாம் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போயின, 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. ஊர்ப் பெயர்களையும் வெள்ளைக்காரர்கள் எழுதிய விதத்தில் தேட வேண்டும்: வந்தவாசிக்கு வாண்டிவாஷ், ஆரணிக்கு ஆர்னி, திருவண்ணாமலைக்கு டிரினோமலி. வாலாஜாபேட்டையையும் செங்கல்பட்டு பக்கத்து வாலாஜாபாத்தையும் ஒன்றாக்கிய குறிப்புகளும் உண்டு.

தேட வேண்டிய இடங்களில் முதலாவது மிஷன் தொகுப்புகள். அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853 முதல் இந்தப் பகுதியில் இருந்தது. காட்பாடியில் விவசாயப் பள்ளியும் பண்ணையும் நடத்தியது. திருவண்ணாமலைப் பக்கம் டேனிஷ் மிஷன் வேலை செய்தது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் பல மிஷன்களின் படங்களை ஒரே இடத்தில் தேடலாம். இந்தப் படங்கள் பெரும்பாலும் நன்கொடை கேட்க எடுக்கப்பட்டவை. ‘வறுமை’ என்று தலைப்பிட்ட படத்தில் சாதாரண அறுவடைக் களம் இருக்கும். தலைப்பை விட்டுவிட்டுப் படத்தைப் படியுங்கள். எழுத்து ஆதாரத்துக்கு, 1916-17ல் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை வைத்து ஆராய்ந்த கிராமங்களில் செய்யாறு பக்கத்துத் தூசியும் ஒன்று. 1930களில் அதே கிராமத்தைத் திரும்ப ஆராய்ந்திருக்கிறார்கள். 1973-74ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வட ஆற்காட்டு நெல் கிராமங்களில் ஆய்வு செய்தன. உங்கள் படத்தில் இருக்கும் கிணறும் கூலியும் அந்த அறிக்கைகளின் எண்களோடு சேர்ந்தால்தான் முழு அர்த்தம் பெறும்.

இவையெல்லாம் வெறும் ஏக்கத்துக்காக அல்ல. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிப் பாலாற்றங்கரைத் தோப்புகளைத் தோல் கழிவு அழித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போனது என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அந்த நிலம் அதற்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட, தேதியும் இடமும் எழுதிய ஒரு குடும்பப் படம் எந்த வர்ணனையை விடவும் வலுவானது. தேதியும் இடமும் இல்லாத படம் அதற்கு உதவாது.

கடைசியாக, யாரிடம் கொடுப்பது. அசலை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள், டிஜிட்டல் பிரதியை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோ, குடும்பப் படங்களை பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது, அவர்களுக்கு இந்த வகைப் படங்களில் அனுபவம் உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் கேட்கலாம். ஊர் அரசுப் பள்ளிக்கு ஒரு தொகுதி, பெயர்கள் எழுதிய பிரிண்டாக, கட்டாயம் கொடுங்கள். எங்கே கொடுத்தாலும், இது தானமா, ஸ்கேன் செய்ய இரவலா, எந்தத் தேதிக்குள் திரும்பி வரும், கிழிந்தால் யார் பொறுப்பு, படத்தைப் போடும்போது எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் தாத்தா காசு கொடுத்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமை தாத்தாவுடையது. அசல் உங்களிடமே இருக்கும்வரை பரணுக்குத் திரும்ப ஏற்றாதீர்கள். தரைத்தள அறையில், வெயில் விழும் சுவரை ஒட்டாமல் நிற்கும் பீரோவின் நடு அடுக்கு போதும். சிலிக்கா ஜெல் பை ஒன்று வையுங்கள், அந்துருண்டை வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கும்போது ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாடை புதிதாக எந்த உறையில் வருகிறதோ அதை அன்றே வெளியே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.